அர்கிரிஸ் எடுத்த நகல்

பொலிக்சேனி யாரையும் நம்பமாட்டாள். கிரேக்க நாட்டின் யானினா ஊரில் ஏரிக்கரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மீன் வாங்கப்போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அது எல்லோரும் செய்வது. இவள் தராசுத் தட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பாள். பாதிரியார் தெருவில் நிறுத்தி நலம் விசாரித்தால், இந்த மனுஷன் இன்றைக்கு எதற்கு இவ்வளவு சிரிக்கிறார் என்று வீடு வந்து சேரும்வரை மண்டையைக் குடைந்துகொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவள், சீசிமோஸின் போட்டிக் கடையில் வேலை பார்க்கும் அர்கிரிஸைத் தானே போன் செய்து வரச்சொன்னாள் என்றால், வேறு போக்கிடம் இல்லை என்று அர்த்தம்.

அவளுடைய பட்டறையில் கோயில்களுக்கான துணிகளைத் தைப்பார்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று சொல்லச் சொல்ல எம்ப்ராய்டரி மெஷின் தைக்கும். இந்த வருடம் மலைமேல் ஒரு கிராமத்துக் கோயிலுக்கு, பெரிய வெள்ளியன்று பூப்பல்லக்கில் வைத்து ஊரைச் சுற்றி எடுத்துப்போகும் துணி. சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்திய ஆண்டவர், சுற்றிலும் அழுகிற பெண்கள், ஓரத்தில் திராட்சைக்கொடி. குளிர்காலம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அவளே வரைந்தது. தைத்ததில் பெண்கள் முடிந்தாயிற்று, கொடி முடிந்தாயிற்று, உடம்பும் முடிந்தாயிற்று. முகம் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து இடி மின்னலில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. சனிக்கிழமை காலை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: இயங்குதளம் காணவில்லை. பெரிய வெள்ளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. முகமில்லாத ஆண்டவரை எந்த ஊர் தோளில் சுமக்கும்?

வரைந்ததற்கு வேறு நகலும் கிடையாது. ஒன்றே ஒன்று இருந்தால் அதைக் காவல் காத்துவிடலாம், இரண்டாவது இருந்தால் அது எந்தக் கைக்குப் போகும் என்று யார் கண்டது என்பது அவள் வாதம்.

அர்கிரிஸ் மழையில் நனைந்து வந்து நின்றான். நாற்பதைத் தாண்டியவன், உச்சந்தலையில் முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. அவள் முதலில் பார்த்தது அவன் முகத்தை அல்ல, தோளில் தொங்கிய பையை.

“வா. பையை வாசல்லயே வை.”

“சாமானே பைக்குள்ளதான் இருக்கு, கிரியா. அதை வாசல்ல வெச்சுட்டு விரலாலயா நோண்டறது?”

“நாக்கு மட்டும் இன்னும் குறையல. சீசிமோஸ் நல்லாத் தீனி போடறான் போலிருக்கு.”

“தவக்காலத்துல ஏது தீனி? ரொட்டியும் ஆலிவும்தான்.”

கிரியா என்று மரியாதையாகத்தான் அவன் எப்போதும் கூப்பிடுவான். அந்த மரியாதை மேலேயே அவளுக்குச் சந்தேகம் உண்டு. எட்டு வருடம் அவளிடம் இதே கம்ப்யூட்டரையும் மெஷினையும் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துவிட்டு, ஒருநாள் சொல்லிக்கொண்டு சீசிமோஸ் கடைக்குப் போய்விட்டான். அடுத்த ஈஸ்டருக்குள் சீசிமோஸ் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பாதிரியார் அங்கி தொங்கியது, ஓரத்தில் அவளுடைய திராட்சைக்கொடி போலவே ஒரு கொடி. மழையில் நின்று இலை இலையாக ஒப்பிட்டுப் பார்த்தாள். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்துபோனது.

அவன் திரையைப் பார்த்தான். “தட்டிக் கிட்டிப் பாத்தீங்களா?”

“தட்டினேன். கண் பட்டிருக்கும்னு மூணு தடவை துப்பவும் செஞ்சேன்.”

“மெஷினுக்கு எச்சில் ஆகாது.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். “டிஸ்க்கோட முதல் துண்டு கெட்டுப்போயிருக்கு. பூட் செக்டர்னு சொல்லுவோம். ரொம்பச் சின்னது. ஆனா உள்ள எந்த ரூம் எங்க இருக்குங்கறது அதுக்குத்தான் தெரியும். உங்க படமெல்லாம் உள்ள பத்திரமாத்தான் இருக்கும்.”

“பத்திரமா இருக்குன்னு உனக்கெப்படித் தெரியும்? பாத்தியா?”

“இன்னும் பாக்கல.”

“பாக்காத.”

“பாக்காம எப்படி கிரியா சரிபண்றது?”

“வாசல் கெட்டுப்போச்சுன்னா வாசலைச் சரிபண்ணு. வீட்டுக்குள்ள என்ன வேலை?”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவன் தோளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் ஒரு சிடியைப் போட்டுக் கம்ப்யூட்டரைக் கிளப்பினான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் இல்லை, மவுஸுக்கு வேலை இல்லை. இவன் ஒரு கமாண்ட் அடிப்பான், அது பத்து வரி பதில் சொல்லும், இவன் தலையாட்டிக்கொண்டு அடுத்ததை அடிப்பான். இரண்டு பேர் அவள் எதிரிலேயே அவளுக்குத் தெரியாத பாஷையில் அவளைப் பற்றிப் பேசிக்கொள்வதுபோல் இருந்தது. பக்கத்தில் இருப்பவருக்குப் புரியக்கூடாது என்றே இப்படிக் கறுப்பாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

பிறகு அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினான்.

“அது என்ன?”

“நகல் எடுக்கறேன்.”

“எதோட நகல்?” குரல் அவளை அறியாமலே ஏறிவிட்டது.

“அந்த முதல் துண்டோட நகல். கை வைக்கறதுக்கு முன்னாடி எங்க ஆளுங்க எல்லாரும் எடுப்போம். நான் சொதப்பிட்டேன்னா பழையபடி திருப்பிப் போடணும்ல?” ஒரு வரி அடித்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள், “முடிஞ்சுது” என்றான்.

அவ்வளவு சீக்கிரமா? ஒரு முழுச் சினிமாவையே இத்தனூண்டு குச்சியில் போட்டுக்கொண்டு அலைகிறார்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். ஒரு குளிர்காலத்தை அதில் போட எவ்வளவு நேரமாகும்? சின்னத் துண்டுதான் என்றால் அதை ஏன் சட்டைப்பைக்குள் வைத்திருந்தான், மற்ற சாமானோடு பையில் வைத்தால் என்ன?

அந்த நேரத்தில் அவன் போன் அடித்தது. யாரென்று பார்த்ததும் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பொலிக்சேனி திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றாள். அவளுடைய வீடு, அவளுடைய திரைச்சீலை, வெட்கப்பட என்ன இருக்கிறது?

“இல்ல, இன்னும் சொல்லல... முதல்ல வேலை முடியட்டும்... பதமாத்தான் பேசணும், அவங்களப் பத்தி உனக்குத் தெரியாதா... சீசிமோஸ்கிட்ட திங்கக்கிழமை பேசிக்கறேன்.”

அவளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. நேராகக் கம்ப்யூட்டரிடம் போனாள், பென்டிரைவை உருவி ஏப்ரன் பைக்குள் போட்டாள், திரும்ப ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நெஞ்சு படபடத்தது. பயத்தில் அல்ல, ஜெயித்துவிட்டதில்.

அர்கிரிஸ் குளிரோடு உள்ளே வந்து கையைத் தேய்த்துக்கொண்டான். சிடியை மாற்றினான். மறுபடியும் கறுப்புத் திரை. ஒரே ஒரு வார்த்தை அடித்தான். இந்தத் தடவை கம்ப்யூட்டர் நீளமாக என்னவோ சொல்லிவிட்டுக் காத்திருந்தது. அவன் தாடையைச் சொறிந்தான்.

“என்ன சொல்லுது?”

“முதல் துண்டைப் புதுசா எழுதினா, டிஸ்க்ல இருக்கறது எல்லாமே கைக்கு எட்டாமப் போயிடலாமாம். நிச்சயமாச் செய்யணுமான்னு கேக்குது.”

“போயிடுமா?”

“எப்பவும் இப்படித்தான் பயமுறுத்தும். போனாத்தான் என்ன, நகல் இருக்கே.”

கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்கிற தவறு இது. நகல் எடுக்காதவன் பயந்து பயந்து கை வைப்பான், ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை படிப்பான். எடுத்தவனுக்குத் துணிச்சல் வந்துவிடும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குகிறவன்போல் இறங்கிவிடுவான், மறுமுனையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கமாட்டான்.

மறுமுனை பொலிக்சேனியின் ஏப்ரனுக்குள் இருந்தது. நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் எடுத்ததைச் சொல்ல வேண்டும். திருடனிடமிருந்து எடுத்ததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்ற வீம்பில் வாயை மூடிக்கொண்டாள். அவன் ஆமாம் என்பதற்கான எழுத்தைத் தட்டினான்.

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. பழைய வரிகூட வரவில்லை. முதல் சிடியை மறுபடி போட்டு எட்டிப் பார்த்தான். டிஸ்க் காலி. ரூம்கள் இருந்த இடத்தில் வெறும் பூஜ்யங்கள்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. ரூம் கணக்கையும் சேத்துத் துடைச்சுடுச்சு. பழசைத் திருப்பிப் போட்டுடலாம்.” சொல்லிக்கொண்டே கையைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் விட்டான். துழாவினான். எழுந்து எட்டிப் பார்த்தான். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். பையைக் கவிழ்த்துக் கொட்டினான்.

“இங்கதானே செருகினேன்?”

அவள் ஏப்ரன் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“நகல் இல்லாம முடியாதா?” என்று மட்டும் கேட்டாள்.

“டிஸ்க் முழுக்கத் தேடச்சொல்லிப் பாக்கலாம். எத்தனை நாள் ஓடுமோ தெரியாது. கிடைச்சாக் கிடைச்சுது.”

சீசிமோஸுக்கும் இனிமேல் கிடைக்காது. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் அவளுக்கு முதலில் தோன்றியது இதுதான், அதில் ஒரு அற்ப சந்தோஷமும் இருந்தது. அப்புறம்தான் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். பொன்னூல் வளையத்துக்கு நடுவே முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. சுற்றியிருந்த பெண்கள் அந்த வெற்றிடத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள்.

அர்கிரிஸ் மேசைக்கு அடியில் முழங்காலில் கிடந்தான். நூல் துண்டுகளையும் பஞ்சையும் உள்ளங்கையால் தடவித் தடவித் தள்ளினான். தரையில் ஒரு சாண் விடவில்லை.

“மன்னிச்சுக்கங்க, கிரியா” என்றான் அடியிலிருந்தே. “இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு அமுக்கியிருக்கணும். என் தப்புதான். எங்கயோ கை தவறிப் போட்டுட்டேன் போல.”

திருடன் இப்படி மன்னிப்புக் கேட்பானா? கேட்பான், கைதேர்ந்தவன் கேட்பான் என்று அவளுடைய புத்தி உடனே சொன்னது. ஆனால் கை அதற்குள் ஏப்ரன் பைக்குள் போய்விட்டது.

“இதுவா பாரு. கீழ கிடந்துது.”

அவன் எழுந்து வாங்கிக்கொண்டான். பென்டிரைவைப் பார்த்தான். தான் இப்போதுதான் தடவிய தரையைப் பார்த்தான். ஏப்ரனைப் பார்த்தான். குனிந்து அதைச் செருகினான்.

அப்புறம் அவன் அவசரப்படவில்லை. எழுதின புதுத் துண்டை அப்படியே விட்டுவிட்டு, பழைய நகலிலிருந்து ரூம் கணக்கை மட்டும் வெட்டியெடுத்து அதில் பதித்தான். கமாண்டை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் படித்தான், இரண்டாம் முறையும் படித்தான், பிறகுதான் தட்டினான். கம்ப்யூட்டர் எழுந்தது. பழக்கப்பட்ட நீலத் திரை வந்தது. அவள் அவனைத் தள்ளாத குறையாக முன்னால் போய்ப் படத்தைத் திறந்தாள். கண்மூடிய ஆண்டவரின் முகம், அவள் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

கண்ணைத் துடைத்த கையோடு, “அந்தக் குச்சில என்ன இருக்குன்னு காட்டு” என்றாள்.

காட்டினான். ஒரே ஒரு ஃபைல்.

“எவ்வளவு பெருசு?”

“ஆண்டவரோட ஒரு இமை முடி தைக்கக்கூடப் பத்தாது.”

“அப்ப சீசிமோஸ் கடைல தொங்கின திராட்சைக்கொடி?”

“ஏரித்தீவு மடத்துக் கதவுல செதுக்கியிருக்கற கொடி. நீங்க எங்க பாத்து வரைஞ்சீங்க?”

அங்கேதான் பார்த்து வரைந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் படகில் போய், பென்சிலும் தாளுமாக. அது பொதுக் கதவு என்பது இத்தனை நாள் அவளுக்கு ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை.

“போன்ல யாரு?”

“ஃபோட்டினி.” அவன் மனைவி.

“என்கிட்ட எதைச் சொல்லலைன்னு அவகிட்டச் சொன்ன?”

அவன் சிடிகளை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். “திரும்ப இங்கயே வேலைக்கு வரலாமான்னு கேக்கணும்னு இருந்தேன். நீங்க சரின்னா சீசிமோஸ்கிட்ட திங்கக்கிழமை சொல்லிடலாம்னு.”

பொலிக்சேனிக்கு முகம் சுட்டது. அவன் போன இந்த இரண்டு வருடமாக, அவன் நாற்காலியில் வேறு யாரையும் அவள் உட்காரவிட்டதில்லை. “அதுக்கென்னடா? வாயேன். யார் வேணாம்னா?” என்றாள். அவள் குரல் இவ்வளவு தாழ்ந்து யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவன் வாசல்வரை போனான். நின்றான். திரும்பி வந்து பையை மேசைமேல் வைத்து வாயை அகலமாகத் திறந்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்: சாவிக்கொத்து, சிகரெட் பெட்டி, போன், கசங்கிய கைக்குட்டை. பாக்கெட்டின் உள்துணியை வெளியே இழுத்துவிட்டான். பென்டிரைவையும் எடுத்து அவள் பக்கமாகத் தள்ளினான். முகத்தில் கோபம் இல்லை.

“பாத்துக்கங்க, கிரியா. நான் போனப்புறம் நெனச்சு நெனச்சுத் தூக்கம் கெட வேணாம்.”

எடுத்து உள்ளே வை, என்னடா இது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் அவள் கண் அதற்குமுன்பே போய்விட்டது. பைக்குள் இருந்த சிடிகளை ஒரு தடவை மேய்ந்தது, சிகரெட் பெட்டியில் நின்றது, கைக்குட்டைக்கு வந்தது. அவளுடைய விரல்நுனி கைக்குட்டையின் ஓரத்தைக் கொஞ்சமாகத் தூக்கியது. அடியில் ஒன்றுமில்லை.

நிமிர்ந்தபோது அர்கிரிஸ் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். “நல்ல உயிர்ப்பு வாய்க்கட்டும்” என்று அந்த வாரத்துக்குரிய வாழ்த்தைச் சொன்னான். அவளும் திருப்பிச் சொன்னாள். வேலைக்கு வருவதைப் பற்றி அவன் மறுபடி பேசவில்லை. அவளாலும் கேட்க முடியவில்லை.