முதலில் நின்ற கால்கள்

கிகோமா கோயிலிலிருந்து நமுகொங்கோ திருத்தலத்துக்கு இருநூற்று எழுபத்தொரு மணி நேரம் நடந்துபோன முப்பத்தொரு பேருக்கும், போய்ச் சேர்ந்த பிறகு கால்கள் நிற்கவில்லை. வழியில் தூங்கிய நேரத்தையும் சேர்த்த கணக்கு இது. மே இருபத்திரண்டாம் தேதி விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பியவர்கள் ஜூன் இரண்டாம் தேதி காலை பதினோரு மணிக்குச் சேர்ந்தார்கள். மறுநாள் மறைசாட்சிகள் திருநாள் பூசை. லட்சக்கணக்கான சனத்துக்கு நடுவில் புல்லில் உட்கார்ந்து ஆயரின் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், தங்கள் கால்கள் ஒன்று மாற்றி ஒன்று இன்னமும் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தார்கள். வலி எதுவும் இல்லை. நிறுத்தப் பார்த்தால் சொல்பேச்சு கேட்கவில்லை, அவ்வளவுதான். திரும்பி வரும் பஸ்ஸில் அறுபத்திரண்டு கால்களும் தரைத் தகட்டின்மேல் நடந்தன. பின்சக்கரத்தில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்த ஓட்டுநர் முபெண்டேயில் ஒரு முறையும் கியெகெக்வாவில் ஒரு முறையும் வண்டியை நிறுத்தி அடியில் படுத்துப் பார்த்தார். பிறகு வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினார்.

ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பதினோரு நாள் பாட்டும் ஜெபமுமாகப் போனவர்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரங்களில் படுத்தவர்கள், முன்பின் தெரியாதவர்கள் தெருவில் நின்று ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்தவர்கள், ஒரு நாள்கூடச் சண்டை போடாதவர்கள். கால் உடனே வீட்டுக்குத் திரும்பும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றே பேசிக்கொண்டார்கள். ஆனால் கிகோமாவில் தேயிலை கொழுந்து விட்டிருந்தது. அவரை நெற்றுகள் காய்ந்து உரிக்கக் கிடந்தன. கோயில் தகரக்கூரை பழைய இடத்திலேயே ஒழுகியது. பங்குச்சாமிக்குப் பதினேழு கிளைக்கோயில்கள் என்பதால் எங்களுக்கு மாதத்துக்கு ஒரு பூசைதான். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் அராலிதான் ஜெபம் நடத்துவார். கல்யாண ஓலை வாசித்து முடித்ததும், அந்த வாரம் யார் யாருடைய கால்கள் நின்றன என்பதையும் அவர் அதே குரலில் வாசிக்கத் தொடங்கினார். அறிவிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வாசிக்க ஆரம்பித்த பிறகு நிறுத்தச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

அவர் முதலில் வாசித்த பெயர் கொபுசிங்கே அபூலி. பாடற்குழுவை நடத்துகிறவள். பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்குக் கோயில்தான் வீடு, வேலை, வம்பு, எல்லாம். நமுகொங்கோ வழி நெடுக முன்னால் நடந்து பாட்டெடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். ஊர் திரும்பிய மறுநாள் காலை வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது, இடது கால் நின்றது, வலது கால் இரண்டு எட்டு வைத்துவிட்டு அதுவும் நின்றது. அபூலி கத்தியைக் கழுவி வைத்துவிட்டு நேராக உபதேசியார் வீட்டுக்குப் போய், மண்டியிட்டு வணங்கி, நின்றுவிட்டது என்று சொன்னாள். மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இன்னும் முப்பது பேர் நடந்துகொண்டிருக்கும்போது தான் மட்டும் நிற்பதற்கு என்ன அர்த்தம் வரும் என்று அவள் யோசிக்கவும் இல்லை. அர்த்தத்தை ஊர் யோசித்தது. வாயில் இருந்தது காலில் இல்லை என்றார்கள் தேயிலைத் தோட்டத்தில். கிணற்றடியில் பெண்கள், “அபூலி, பேட்டரி தீந்துடுச்சாமே?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். மூன்றாம் ஞாயிறு பாடற்குழு அவள் கையிலிருந்து போனது. யாரும் பறிக்கவில்லை; பாட்டெடுக்கும் நேரத்தில் எல்லாரும் அவளைப் பார்க்காமல் இன்னொருத்தியைப் பார்த்தார்கள்.

மற்றவர்களுடையதும் ஒவ்வொன்றாக நின்றன. ஒருவருக்குப் பால் கறக்க உட்கார்ந்தபோது நின்றது. ஒருத்திக்கு, பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்த கீரைப் பாத்திக்காக வாய்விட்டுத் திட்டிய அந்த நொடியில். அண்ணன் தம்பி இருவருக்கு ஒரே நாளில், ஒரே பெஞ்சில், வரவு செலவுக் கூட்டத்தின்போது. பதினேழாம் நாள் பார்க்கும்போது நடப்பது ஒருத்தி மட்டும்தான்: பசெமேரா அட்யேரி. கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருப்பவள். அபூலியின் கூட்டாளி. திருயாத்திரையின் பதினோரு இரவும் இருவருக்கும் ஒரே போர்வை. பாட்டெடுக்கும் நேரத்தில் எல்லாரும் பார்த்த இன்னொருத்தி அவள்தான்.

நிற்காத காலோடு வாழ்வது எப்படி என்பதைக் கிகோமா அவளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அடுப்பைச் சுற்றி வந்தபடியே கேழ்வரகுக் களி கிண்டினாள். மிஷினில் உட்கார்ந்தால் மிதிகட்டை நிற்காது. அவள் தைத்த பள்ளிச் சீருடைகளில் நேர்த்தையல் அத்தனை நேர்த்தியாகவும், திரும்ப வேண்டிய மூலைகளில் தையல் துணியைத் தாண்டி ஓடியும் இருந்தது. ஒரு வருடம் கிகோமாப் பிள்ளைகள் எல்லாரும் காலர் இல்லாத சட்டையோடு பள்ளிக்கூடம் போனார்கள். மாமனாருக்கு மண்டியிட முடியாததால் அவரைச் சுற்றி நடந்தபடி நலம் விசாரித்தாள். மரியாதைக்காக அவரும் கூடவே திரும்பித் திரும்பிப் பதில் சொன்னார், கடைசியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். புருஷன் அமூட்டிக்கு ஏதாவது பேச வேண்டுமென்றால் பக்கத்தில் நடந்துகொண்டே பேசினான். தூக்கத்திலும் கால்கள் நடந்ததால் போர்வை முழங்காலுக்குக் கீழே நைந்துபோயிற்று. அவன் தன் கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டான், ஆறு மாதம் கழித்துத் திரும்ப ஒட்டிப் போட்டான். டயர் செருப்பு மூன்று வாரம் தாங்கியது. பங்குச்சாமி நற்கருணையை அவளோடு கூடவே நான்கு எட்டு நடந்து நாவில் வைத்தார். சுகாதார நிலையத்து மருத்துவர் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் அவளோடு நடந்து பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்று எழுதி, கெண்டைக்காலுக்குத் தேய்க்க ஒரு களிம்பு கொடுத்தார்.

பாடற்குழு அவளிடம் வந்தது. அவள் எடுத்துக்கொடுத்த பாட்டெல்லாம் நடையின் வேகத்திலேயே இருந்ததால், சாவு வீட்டுப் பாட்டும் விறுவிறுப்பாக முடிந்தது. வேறு பங்குகளிலிருந்து ஆட்கள் வந்து, நேர்ந்துகொண்டு, அவளோடு கோயிலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுப் போனார்கள். அந்தச் சுற்றில் புல் முளைப்பது நின்றுபோயிற்று. என்னம்மா இருக்கிறது உன் காலில் என்று கேட்டவர்களிடம், “நடக்குது” என்று மட்டும் சொன்னாள். ஒல்லியாகிக்கொண்டே போனாள். அபூலி எதிரே வரும் பாதையாக இருந்தால், வேறு பாதையில் திரும்பிவிடுவாள். கூட்டாளியை வெட்கப்படுத்த வேண்டாமென்று நினைக்கிறாள் போல என்று ஊர் அதையும் அவளுடைய நல்ல குணத்தில் சேர்த்துக்கொண்டது.

அபூலி சனிக்கிழமை தோறும் கோயிலைத் தண்ணீர் தெளித்துப் பெருக்கினாள். செவ்வாய்க்கிழமை ஜெபமாலைக்கு வருகிற ஏழு பேரில் அவள் ஒருத்தி. பீடத்துணி துவைக்கும் முறை யாருக்கு என்று சண்டை வந்தால் தானே எடுத்துப் போய்த் துவைத்தாள். இவற்றை உபதேசியார் வாசிக்கவில்லை, வாசிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அடுத்த வருடத் திருயாத்திரையில் அட்யேரி கொடியோடு முன்னால் போனாள். அவள் நிற்காததால் கூட்டம் ஒன்பதே நாளில் போய்ச் சேர்ந்தது. அபூலி கடைசி வரிசையில் சமையல் பானையைச் சுமந்து நடந்தாள். அந்த வருடம் திரும்பி வந்தவர்களில் ஒருவருடைய காலும் நடக்கவில்லை. ஊருக்கு ஏமாற்றம், பஸ் ஓட்டுநருக்கு நிம்மதி.

முதலில் அபூலி நடு பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போனாள். பிறகு கதவோரம். அவளுடைய சொந்த அண்ணனுக்குப் பெண் பிறந்தபோது, ஞானத்தாயாக நிற்க அவளே ஒரு வெள்ளைத் துணி வாங்கி மடித்து வைத்திருந்தாள். அண்ணன் வந்து வாசலிலேயே நின்று, பிள்ளையின் விசுவாசத்துக்குக் கைகொடுக்க ஒரு பலமான ஆள் வேண்டும் என்று பெண்டாட்டி சொல்வதாகச் சொல்லிவிட்டு, நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றும் சொன்னான். குழந்தையை அட்யேரி தூக்கிக்கொண்டு நடந்தாள்; சாமி கூடவே நடந்து தண்ணீர் ஊற்றினார். அபூலி வெளியே மரத்தடியில் நின்று கேட்டாள். அதற்குப் பிறகு கோயில் சனிக்கிழமைகளில் பெருக்கப்படவில்லை. யாரோ பெருக்குவார்கள் என்று ஒரு மாதம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த முதல் திருயாத்திரை முடிந்து இரண்டு வருடம் ஒன்பது மாதம் ஆகியிருந்த ஒரு வியாழக்கிழமை, முற்பகலில், அபூலி ஒரு பையோடு வேன் நிறுத்தத்துக்குப் போய், ஹொய்மா பக்கம் போகிற வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பதினான்கு பேர் சேராமல் வேன் கிளம்பாது. பதிமூன்று பேர் ஏறியிருந்தார்கள். சந்தை நாள் என்பதால் பாடற்குழுப் பெண்கள் வாழைத்தாரோடு நிழலில் நின்றார்கள். உபதேசியார் அராலி சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அட்யேரி கடையிலிருந்து வந்தாள். நூல் கோத்த ஊசி இன்னும் சட்டை மார்பில் குத்தியிருந்தது. நிற்க முடியாததால் வேனைச் சுற்றத் தொடங்கினாள். ஜன்னலைக் கடக்கும்போது மட்டும் பேச முடிந்தது.

“போகாதே, அபூலி,” என்றாள் முதல் சுற்றில்.

அடுத்த சுற்றுக்கு அபூலி பதில் வைத்திருந்தாள். “போறேன். சித்தி கடைக்கு ஆள் வேணுமாம். அங்க என் காலப் பத்தி யாருக்கும் தெரியாது.”

“கோயிலுக்குப் போவேல்ல அங்க?”

“எதுக்கு? வேண்டாம்னு ஆண்டவரே திருப்பிக் குடுத்த கால், அதத் தூக்கிட்டு அவர் வாசல்லயே போய் நிக்கவா?” இதைச் சொல்லி முடிப்பதற்குள் அட்யேரி வேனின் பின்பக்கம் போய்விட்டாள். மிச்சத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டுக்கொண்டார்.

நடத்துனர் கதவில் தொங்கியபடி, அக்கா ஏறுகிறீர்களா இல்லையா, நீங்கள் சுற்றுவதைப் பார்த்து என் ஆட்களுக்கு வாந்தி வருகிறது என்றான். நிழலில் சிரிப்பு கேட்டது. பாடற்குழுவில் மூத்தவள் வாழைத்தாரைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “விட்டுடு அட்யேரி. எல்லாருக்கும் உன்ன மாதிரி வாய்க்குமா? அவ என்ன பண்ணுவா, பாவம்.”

அடுத்த முறை ஜன்னலைக் கடந்தபோது அபூலி தலையை வெளியே நீட்டியிருந்தாள். “தூக்கத்துலயும் நடக்குதாமே?”

“ஆமா. அது எப்படின்னு எனக்கும் தெரியல.”

“ஒண்ணே ஒண்ணு சொல்லு, நான் போயிடறேன். பதினோரு ராத்திரி ஒரே போர்வை. நான் பாடின பாட்டத்தான் நீயும் பாடின. நான் குடிச்ச தண்ணியத்தான் நீயும் குடிச்ச. எங்கிட்ட எதுடி இல்லாமப் போச்சு?”

அட்யேரி ஒரு சுற்று போனாள். இன்னொரு சுற்றும் போனாள். அதற்குள் ஒரு கோழியோடும் அரை மூட்டை மாவோடும் பதினான்காவது ஆள் வந்து ஏறினார். நடத்துனர் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினான். வண்டி உறுமியது.

அட்யேரி ஜன்னலுக்கு நேரே வந்து நின்றாள். வலது கால் கொஞ்சம் முன்னால் இருந்தது. அதைப் பின்னால் எடுத்து இடது காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். புழுதி அடங்கியது. இடமில்லை அக்கா, அடுத்த வண்டியில் வாருங்கள் என்றான் நடத்துனர். ஓட்டுநர், என்ன நினைத்தாரோ, இயந்திரத்தை அணைத்தார். உபதேசியார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்து, ஞாயிற்றுக்கிழமை வாசிப்பதற்காக, பழக்கத்தில், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அட்யேரி அவர் பக்கம் திரும்பவில்லை. அபூலியைப் பார்த்துக்கொண்டே, நிழலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, கடைசி பெஞ்சுக்கும் எட்ட வேண்டிய பாட்டை எடுக்கிற குரலில் சொன்னாள்:

“மணி பாக்காதீங்க, உபதேசியாரே. என் கால் அன்னிக்கு பஸ்லயே நின்னுடுச்சு, முபெண்டே தாண்டினதும். முதல்ல நின்னது அபூலியோட கால் இல்ல, என்னோடது. அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் நடந்ததெல்லாம் நான்தான்.”