நீலத்தோடு போனது

திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். ஆவூரில் அமலராணியின் அப்பா மைக்கேல்சாமி ‘முனைவர்’ என்று பெரிதாகப் போட்டு ஃப்ளெக்ஸுக்கே சொல்லிவிட்டார். அவளோ கீரனூர் தாண்டி ரோட்டோரம் இருந்த கல்லூரி ஆய்வகத்தில், இன்னும் ஒரே ஒரு படத்துக்காக நின்றுகொண்டிருந்தாள்.

மனித செல்லுக்குள் செய்தி கொண்டுபோகும் ஆர்.என்.ஏ.க்கள் வேலை முடிந்ததும் சிதைந்துவிடும். அவற்றைச் சீக்கிரம் சிதையவிடாமல் காக்கிற வேறோர் ஆர்.என்.ஏ.வை அவள் கண்டுபிடித்திருந்தாள். அது எந்தப் புரதத்தையும் உண்டாக்காமல் தானே நின்று காக்கிறது என்பதுதான் ஆய்வேட்டின் உயிர். புரதம் இருக்குமோ என்று சந்தேகப்பட்ட இடத்தில் அடையாளம் ஒட்டிப் பலமுறை தேடியாகிவிட்டது. இல்லை. அந்த ‘இல்லை’யைத் தெளிவாகக் காட்டத்தான் இந்தக் கடைசிப் படம்.

கூழ்த் தகடு போன்ற ஜெல்லில் மின்சாரம் பாய்ந்தால் புரதங்கள் கீழே ஓடும். சின்னது முந்தும், பெரியது பிந்தும். கூடவே ஓடும் நீலச் சாயம் அடியில் வெளியேறிய பிறகுதான் நிறுத்துவார்கள். “நீலம் போகட்டும், அப்பத்தான் படம் பளிச்சுனு வரும்” என்பது வழிகாட்டி திலகவதி மேடத்தின் பாடம்.

அன்று நீலம் பாதி வழியில் இருக்கையில் கரண்ட் போனது.

“ஜெனரேட்டர் என்னாச்சு?”

“கேன்டீன் ஃப்ரீசருக்கு மட்டும் ஓடுதாம் மேடம். ஐஸ்கிரீம் உருகிருமாம்.”

“ஒன் ஆராய்ச்சி உருகினாப் பரவாயில்லையாமா? சரி, விடு. மறுபடி ஓட்டினா கலங்கிரும். கரண்ட் வந்ததும் இருக்கிறதை வச்சுப் படம் எடு.”

மறுநாள் திரையில் படம் எழுந்தது. நீலம் நின்ற இடத்தில் தடித்த கறுப்புப் பட்டை ஒன்று.

அழுக்கு என்றுதான் முதலில் நினைத்தாள். அடையாளம் ஒட்டாத செல்லின் வரிசையைப் பார்த்தாள். அழுக்கென்றால் அங்கேயும் இருக்க வேண்டும். அங்கே வெள்ளையாகத்தான் இருந்தது. புரதம் இருந்திருக்கிறது, மிக மிகச் சின்னதாக. இத்தனை காலமும் நீலத்தோடு சேர்ந்து கீழே தண்ணீரில் இறங்கியதை அவளே, தன் கையாலேயே, சிங்க்கில் ஊற்றியிருக்கிறாள்.

மேடம் வந்து பார்த்தார்.

“மேடம், அந்தப் புரதம் உண்டாகாம இருக்க, அது தொடங்குற மரபணு எழுத்தை மட்டும் மாத்தி ஒரு செல்லு வளர்த்தோமே. அதுல நம்ம ஆர்.என்.ஏ. அப்படியேதான் இருந்துச்சு. ஆனா அது காக்க வேண்டிய ஆர்.என்.ஏ. எல்லாம் சீக்கிரமே சிதைஞ்சிருச்சு.”

“நோஞ்சான் செல்லுன்னு நான்தானே ஒதுக்கச் சொன்னேன்.” மேடம் ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். “காத்தது ஆர்.என்.ஏ. இல்ல. இந்தப் பொடிசு.”



“இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துருவோம்” என்று மேடம் எழுந்தார். “திங்கக்கிழமை…” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

அமலராணி போனை எடுத்தாள்.

“அப்பா, அந்த ஃப்ளெக்ஸ்…”

“அடிச்சாச்சும்மா! ஒன் போட்டோ அம்சமா வந்திருக்கு. எங்கிட்டு கட்டலாம், கோயில் பக்கமா?”

“சுருட்டி வைங்கப்பா.”

“ஏம்மா, ஃபெயிலா?”

அவள் திரையையே பார்த்தாள்.

“தெரியலப்பா. நான் இல்லைன்னு எழுதினது இருக்குப்பா.”

பின்னால் மேடம் புது ஜெல் ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் மேசையில் சிந்தியது.