தெரு முனையில் ஊதுகுழாய்

வஜாஹத் சாஹிப் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். மகனுக்குக் கல்யாணத் தேதி குறிக்க வந்த மனிதர்.

"என்ன தெரு இது, கௌஸ் பாய்? சாராய நாத்தமே தெரியாத வாயில குழாய வெச்சு ஊதச் சொல்றான். கார விட்டு எறக்கி, எம் பொண்டாட்டி கண்ணு முன்னாடி."

திரைக்குப் பின்னால் நின்ற மணப்பெண் மெஹ்ஜபீனுக்குக் காது சுட்டது.

தெரு முனையில் போலீஸ் தடுப்பு வைத்தபோது குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்க என்றார்கள். பிறகு கஞ்சா என்றார்கள். ஹைதராபாத்தின் அந்தப் பகுதியில் மதுக்கடைகள் எல்லாம் பெரிய சாலைக்கு அந்தப்புறம். தடுப்பு மட்டும் இந்தப்புறம்.

தெருக்காரர்களும் அதற்கொரு வழக்கம் பண்ணிக்கொண்டார்கள். விருந்தாளி வந்தால், முந்தின நாளே மிட்டாய்ப் பெட்டியோடு தடுப்புக்குப் போய், நிறுத்தாமல் விடச்சொல்லி வண்டி நம்பரைச் சொல்லிவிட்டு வருவது. ஏர்கூலர் பழுதுபார்க்கும் கௌஸ் பாயும் போய்ச் சொன்னார். வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்யும் மகள் வேண்டாமென்றுதான் சொன்னாள். விடுவதற்கும் நிறுத்துவதற்கும் அதே நம்பர்தானே என்றாள். எல்லாரும் சொல்கிறபோது நாம் மட்டும் சொல்லாவிட்டால் சந்தேகப்படுவான் என்றார் அப்பா.

முன்னால் போன கார்களை விட்டுவிட்டு, நம்பரைப் பார்த்ததும் தன் காரைத்தான் ஓரங்கட்டினான் என்றார் வஜாஹத் சாஹிப். கௌஸ் பாய் தரையைப் பார்த்தார். நம்பர் கொடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை.

கடைசியில் உட்கார்ந்தார் சம்பந்தி. கல்யாணத்துக்குச் சம்மதம்தான். ஆனால் பத்திரிகையில் பெண்ணின் சித்தி வீட்டு விலாசம் போட வேண்டும். மாப்பிள்ளை ஊர்வலம் அங்கேதான் வரும். பிறகும் பெண் இந்தத் தெருவுக்கு வரக்கூடாது, பெற்றவர்கள் வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம். கௌஸ் பாய் மெல்லத் தலையாட்ட ஆரம்பித்தார்.

மெஹ்ஜபீன் திரையை விலக்கினாள்.

"உங்கள ஒரு தடவ ஊதச் சொன்னான், மாமா. அதுக்கே தெரு கெட்டுப்போச்சு. எங்கப்பா தெனம் வேலை முடிஞ்சு வர்றப்ப ஊதிட்டுத்தான் வர்றாரு. எந்தச் சந்தேகத்துல நிறுத்துனேன்னு நீங்க அவனக் கேக்கல. எங்கள வந்து கேக்கறீங்க."

"போலீஸ் சும்மா வந்து நிப்பானாம்மா?"

"ஊர்வலம் வந்தா இந்தத் தெருவுக்கு வரட்டும். இல்லன்னா வேண்டாம்."

தட்டில் வைத்த லுக்மிப் பலகாரத்தை யாரும் தொடவில்லை. கிளம்பிய சம்பந்தியின் காருக்குப் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு நடந்தார் கௌஸ் பாய். மெஹ்ஜபீன் அவர் பின்னால் போனாள்.

முனையில் காவலர் நர்சிம்லு காருக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தடுப்பை இழுத்து, போ என்று கைகாட்டினார். பின்னால் வந்த கௌஸ் பாயைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பாய், சம்பந்தி வந்த வேகத்துல கெளம்பிட்டாரு?"

கௌஸ் பாய் கார் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஞ்சா எங்க தெருவுலதான் இருக்குங்கறீங்க. அப்ப வெளிய போற வண்டியத்தான சார் பாக்கணும்? உள்ள வர்றவனப் பாத்து என்ன பண்றீங்க? இங்க நிக்கச் சொன்ன உத்தரவக் காட்டுங்க."

நர்சிம்லுவின் சிரிப்பு நின்றது.

"குடிச்சிருக்கியா?"

நடந்து வந்த மனிதரின் வாய்க்கு நேரே குழாயை நீட்டினார். தினமும் கேட்குமுன் திறந்த வாய் அது. அப்பா அதை இறுக மூடிக்கொண்டு நிற்பதை மெஹ்ஜபீன் பார்த்தாள்.