கால்வாய் ஓரம் நிற்பவர்கள்

ஹெலினா தொடங்கிய இணைய மனுவில் முதலில் கையெழுத்துப் போட்டவர் ஒரு வியாழக்கிழமை காலை, தெருவில் எல்லோரும் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், திருமுல்லைவாயில் அந்தோணியார் தெருக் கால்வாயின் ஓரத்தில் வந்து நின்றார். கம்பளித் தொப்பி, முழங்கால் வரை தடித்த கோட்டு, தோளில் கொஞ்சம் பனித்தூள். வெயில் ஏறியும் அந்தப் பனி உருகவில்லை. குனிந்து இடது உள்ளங்கையைப் பார்த்தபடி, வலது கட்டைவிரலைச் சற்றே தூக்கி வைத்திருந்தார். கையில் ஃபோன் இல்லை. முகத்தில் மட்டும் ஃபோன் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. வழி தெரியாத வெளியூர்க்காரர் என்று நினைத்த இஸ்திரி வண்டி பாஸ்கரன், "சார், யார் ஊடு வேணும்?" என்று கேட்டுத் தோளைத் தொட்டான். கை சில்லென்று உள்ளே போய் மறுபக்கம் வந்தது. அன்று சாயங்காலம் வரை அந்தக் கைக்கு இஸ்திரிப் பெட்டியின் சூடு உறைக்கவில்லை.

மழைக்கு முன்னால் தூர் வாருகிறோம் என்று அந்தக் கால்வாயின் சிலாப்புகளை எடுத்த மாநகராட்சி ஆட்கள் திரும்ப மூடவில்லை. ஐப்பசியில் ஒரு மாலை தெருவும் கால்வாயும் ஒரே தண்ணீராகக் கிடந்தபோது, ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த ஹெலினாவின் கணவன் ரிச்சர்ட், வண்டியைத் தள்ளிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு எதிரே கால் வைத்து, உள்ளே போய்விட்டான். வண்டி மட்டும் வெளியே கிடந்தது. ஹெலினா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே பார்த்தபோது ஹெட்லைட் தண்ணீருக்குள் எரிந்துகொண்டிருந்தது. அடக்கம் முடிந்ததும் அவள் நேரில் மனு கொடுத்தாள், பதிவுத் தபாலில் கொடுத்தாள், குறைதீர் நாளில் வரிசையில் நின்று கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஃபோனுக்கு ஒரே செய்தி வந்தது: தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது. அம்பத்தூரில் அவள் வேலை பார்த்த ஆடைக் கம்பெனியில், பக்கத்து மேஜை ஜோதிகாதான் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஃபோனை வாங்கி, ரிச்சர்டின் படத்தையும் திறந்த கால்வாயின் படத்தையும் போட்டு இணையத்தில் மனுவை ஏற்றினாள். "நாலு பேர் பார்த்தாத்தான் அவனுங்களுக்கு உறைக்கும்க்கா," என்றாள்.

நாலு பேர் அல்ல, ஊரே பார்த்தது. யாரோ ஒரு நடிகர் பகிர்ந்தாராம். துபாயிலிருந்து, மதுரையிலிருந்து, பெயரே வாயில் நுழையாத ஊர்களிலிருந்து கையெழுத்து விழ விழ, ஆட்கள் வந்து நின்றார்கள். நைட்டியோடு, சமையல் ஏப்ரனோடு, கல்லூரி அடையாள அட்டையோடு, கையெழுத்துப் போட்ட நொடியில் எப்படி இருந்தார்களோ அப்படியே. கால்வாயின் இரண்டு கரையும் நிறைந்து, பின்னால் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. எல்லோரும் குனிந்த தலை, தூக்கிய கட்டைவிரல். யாரும் பேசவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாய்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தின. சித்திரை வெயிலிலும் தெருவில் துணி காயவில்லை. ஹெலினா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ரிச்சர்டின் ஃபோன் கடைசிவரை கிடைக்கவில்லை. ஒருவேளை அவனும் கையெழுத்துப் போட்டிருந்தால் என்று ஒரு நினைப்பு. அவன் அங்கே இல்லை. ஆனால் அவளே இருந்தாள். கம்பெனி சீருடையில், குனிந்த தலையோடு, தன் வாசலுக்கு எதிரே. அந்த இடத்தை மட்டும் அவள் பார்க்காமல் கடந்துபோனாள்.

தெருக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் அல்லவா, அதனால் பலருக்கு அதே கதிதான். பாஸ்கரன் வண்டிக்குப் பின்னால் நின்று துணி தேய்த்துக்கொண்டே எதிர்க்கரையில் நிற்கும் தன்னைப் பார்ப்பான். "இன்னாக்கா இது, நான் இங்க கீறேன், அங்கயும் நின்னுகினு கீறேன். அவன் என்னை நிமிந்துகூடப் பாக்க மாட்றான்," என்பான்.

இவர்களால் என்ன பயன் என்பதில் தெருவுக்குள் இரண்டு கட்சி இருந்தது. ஒருவராலும் ஒரு காய்ந்த இலையைக்கூட நகர்த்த முடியவில்லை. பாஸ்கரன் சோதித்துப் பார்த்தான். ஆனால் அடுத்த மழையில் கால்வாய் மறுபடியும் தெருவோடு ஒன்றானபோது, எதிர்வீட்டு சபீனாவின் சின்னப் பெண் கப்பல் விட ஓடிப்போய்க் கால் இடறினாள். கால்வாய்க்குள் போயிருக்க வேண்டியவள், ஓரத்தில் எதன்மேலோ சாய்ந்தாற்போல் நின்றாள். வரிசை வரிசையாக நின்றவர்களின் கட்டைவிரல்கள் அத்தனையும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தன. சபீனா பிள்ளையைத் தூக்கியபோது அதன் நெஞ்சிலும் வயிற்றிலும் சிறுசிறு வட்டங்களாகக் குளிர்ந்து சிவந்திருந்தது. ஒரு விரலின் பலம்தான் ஆளுக்கு. அத்தனை பேர் இருந்ததால் ஒரு குழந்தையைத் தாங்க முடிந்தது. சிலாப் தூக்கும் அளவுக்கு அது வராது என்பதும் அன்றே தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு புதிதாக யாரும் வரவில்லை. ஊருக்கு வேறு பேச்சு கிடைத்துவிட்டது. மாநகராட்சி அலுவலகத்திலிருந்து மறுபடியும் தீர்வு காணப்பட்டது என்று செய்தி வந்த அன்று ஹெலினா வாசலில் இறங்கி, அந்தக் குனிந்த தலைகளைப் பார்த்துக் கத்தினாள். "நின்னா போதுமா? ஒருத்தராவது தலையத் தூக்கிப் பாருங்களேன். எம் புருஷன் இங்கதான் போனாரு!" ஒரு தலையும் அசையவில்லை. பாஸ்கரன்தான் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, நேரே நடந்துபோய், எதிர்க்கரையில் நின்ற தன் உருவத்துக்குள் சட்டை மாட்டுவதுபோல் நுழைந்து நின்றான். முகத்து வெளிச்சம் அணைந்தது. பிறகு அவன் தலையைத் தூக்கினான். "செம குளுருக்கா," என்றான், "ஆனா நிக்கலாம்."

மாநகராட்சி இளநிலைப் பொறியாளர் வீரராகவன் பேருக்கு அளவெடுத்துவிட்டுப் போக வந்த காலையில் தெருக்காரர்கள் எல்லோரும் அவரவர் உருவத்துக்குள் போய் நின்றார்கள். சபீனா நின்றாள், திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி வந்த ஜோதிகா நின்றாள். கடைசியில் ஹெலினாவும் போனாள். உள்ளே போனதும் ஜோதிகா ஃபோனை நீட்டிய அந்த மதியம், ரிச்சர்டின் படத்துக்குக் கீழே தன் பெயரைப் பார்த்த அந்த நொடி, மொத்தமாக அவள்மேல் இறங்கிற்று. அவள் முன்னால் சாயப் பார்த்தாள். தோளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குளிர்ந்து நின்றவர்களின் விரல்கள் அவளைத் தாங்கின. தெருக்காரர்கள் கூட்டத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் தெருவில் கால்வைத்த வீரராகவனுக்குத் தெரிந்தது, ஏரிக்கரை வரை நிற்கிற சனம்தான். வழி கேட்டார், யாரும் விடவில்லை. கையால் விலக்கினார், முதல் ஆளுக்குள் கை புகுந்து விறைத்தது. பதறி அடுத்த ஆளைத் தள்ளினார்.

"மேல கை வெக்காதீங்க சார்," என்றாள் சபீனா.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எந்த முகம் எது என்று வெகுநேரம் பார்த்தார். பிறகு ஹெலினாவிடம், குரல் தாழ்த்தி, "இதுல யாரெல்லாம்மா நிஜம்?" என்று கேட்டார்.

"எல்லாருமே கையெழுத்துப் போட்டவங்கதான் சார்," என்றாள் ஹெலினா.

அவர் ஜீப்புக்குத் திரும்பவில்லை. அங்கேயே நின்று ஃபோன் போட்டார். சிலாப் ஏற்றிய லாரிகள் மறுநாள் வந்தன. கிரேன் ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு ஆட்களின் ஊடாகவே இறக்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசி சிலாப் ஹெலினாவின் வாசலுக்கு எதிரே உட்கார்ந்தபோது அவள் அதன்மேல் ஏறி நின்று, அழவேண்டும் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை, பசித்தது. சபீனா வீட்டில் சாப்பிட்டாள். இணையத்தில் மனுவை வெற்றி என்று முடித்தும் வைத்தாள்.

தெருக்காரர்கள் வெளியே வந்ததும் அவர்களுடைய உருவங்கள் மறைந்துவிட்டன. நேரில் வராதவர்கள் மட்டும் இன்னும் நிற்கிறார்கள். கையெழுத்துப் போடச் சொல்ல ஆள் இருந்தது. போங்கள் என்று சொல்வது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. அவ்வப்போது, யாரும் உள்ளே நுழையாமலே, ஒரு முகத்தில் வெளிச்சம் அணையும். எங்கோ அந்த ஆள் இறந்துவிட்டதாக அர்த்தம். ஹெலினா கல்லறைத் திருநாளில் ரிச்சர்டுக்கு வாங்கும் மெழுகுவர்த்தியோடு அவர்களுக்கும் சேர்த்து வாங்கி, காலடியில் வைக்கிறாள். விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுக்காரர் சிலர் கால் டாக்ஸியில் வந்து இறங்கி, தங்களைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டுக் கண் சிவந்து வெளியே வருவதும் உண்டு. வீட்டுத் தரகர்கள் இப்போது எதையும் மறைப்பதில்லை. நிலத்தடித் தண்ணீர் உப்புக் கிடையாது, ஸ்டேஷன் பக்கம், தெருவில் ஆட்கள் நிற்பார்கள், ஒன்றும் செய்யமாட்டார்கள், வெயில் காலத்தில் ஏசி தேவைப்படாது என்று சொல்லித்தான் வாடகைக்கு விடுகிறார்கள். குடிவருகிறவர்களும் தண்ணீரைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்கிறார்கள்.