வடக்கு வரிசை

கிளாராவின் போனைத் திறந்தால் மகள் ஷைனியின் படங்களைவிட வரப்பின் படங்கள்தான் அதிகம். காலையில் பூ எடுத்து முடித்ததும் ஒன்று, சாயங்காலம் தண்ணீர் கட்டும்போது ஒன்று. எல்லாம் ஒரே வரப்பு. நிலக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே கிணறு வரைக்கும் ஓடுகிற வரப்பு. அதற்குத் தெற்கே அவளுடைய மல்லிகைத் தோட்டம், வடக்கே வேலுசாமியின் கத்தரிக்காய்.

"இதுல என்னத்தைப் பார்க்குறே?" என்று கேட்டான் ரொனால்டு. அவள் புருஷன், பூ வேன் ஓட்டுகிறவன். யாரிடமும் சிரித்துப் பேசியே பழகிப்போனதால் யார்மேலும் சந்தேகப்பட அவனுக்கு வராது. வீட்டுக்கும் சேர்த்து அவளேதான் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

"போன மாசம் இருந்த அகலம் இப்ப இல்லை."

"வரப்பு என்ன, எந்திரிச்சு நடந்தா போகுது?"

"தானா நடக்காது. யாராச்சும் நடத்தினா நடக்கும்."

அவளுக்கு வடக்கு வரிசையைப் பற்றித்தான் பயம். மாமனார் வைத்த செடிகளெல்லாம் கிழடு தட்டிவிட்டன. கிணற்றுப் பக்கம் வரப்பை ஒட்டி அவளே பதியன் போட்டு வளர்த்த இந்த ஒரு வரிசையில்தான் மொட்டு பெருசாகவும் காம்பு நீளமாகவும் வந்தது. அந்தப் பூவைக் கூடையின் மேலாகப் பரப்பித்தான் மார்க்கெட்டில் பெயர் வாங்கி வைத்திருந்தாள். வரப்பு இன்னும் ஒரு முழம் உள்ளே வந்தால் வேலுசாமியின் மண்வெட்டி அந்த வேரில்தான் விழும்.

ஒருநாள் உச்சி வெயிலில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அந்த நேரத்தில் பூந்தோட்டத்தில் ஆள் இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். வேலுசாமி வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். வரப்பின் தன் பக்கத்தைச் சன்னமாகச் செதுக்கி, விழுந்த மண்ணைக் காலால் தன் வயலில் பரப்பிவிட்டார். போகும்போது இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார். நல்ல மனுஷன் எதற்குத் திரும்பிப் பார்க்கிறான்?

அதோடு கிணற்றுப் பக்கத்து எல்லைக்கல்லையும் காணவில்லை. ரோட்டோரத்துக் கல் அப்படியே இருக்க, இது மட்டும் எங்கே போகும்? பிடுங்கிக் கிணற்றுக்குள் போட்டிருப்பார் என்று கிளாரா முடிவுகட்டினாள். மறுவாரம் வேலுசாமியின் மனைவி பொன்னழகு ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்து கொடுத்தபோது அந்த முடிவு இன்னும் கெட்டியானது.

"இம்புட்டு வருஷம் இல்லாத கத்தரிக்கா இப்ப எதுக்கு?" என்று அதை ஆட்டுக்குப் போட்டாள்.

"சோத்துக்கு வெஞ்சனமா எனக்கு ரெண்டு வச்சிருக்கலாம்ல," என்றான் ரொனால்டு.

அன்றைக்கே தாலுகா ஆபீஸ் போய் நிலத்தை அளக்கச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டு வந்தாள். நோட்டீஸ் வாங்கிய வேலுசாமியின் முகம் கறுத்துப்போனது. அதைப் பார்த்தபின் அவளுக்கு வேறு சாட்சியே வேண்டியிருக்கவில்லை.

மாசி மாதம் சர்வேயர் ஜெகபர் அலி ஊர்த் தலையாரியோடு வந்தார். ரோட்டோரத்துக் கல்லில் தொடங்கி, வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து டேப்பை இழுத்துக்கொண்டே போனவர், வரப்புக்குப் போகாமல் கிளாராவின் தோட்டத்துக்குள் நுழைந்தார். வடக்கு வரிசையையும் தாண்டி உள்ளே வந்து நின்றார்.

"இங்க தோண்டுப்பா."

"சார், எல்லை அங்கிட்டு இருக்கு. நீங்க எங்க வந்து நிக்கிறீங்க?" கிளாரா டேப்பை மறித்து நின்றாள். காலையில் வேலுசாமி வாங்கிக் கொடுத்த டீயை இந்த ஆள் குடித்ததை அவள் பார்த்திருந்தாள்.

"கல்லு இல்லைன்னா நானே மூடிட்டுப் போறேம்மா."

தலையாரி தோண்டினார். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி 'ணங்' என்றது. கல் நிமிர்ந்து, நட்ட இடத்திலேயே நின்றது.

"ராத்திரியோட ராத்திரியா யாரோ கொண்டாந்து புதைச்சிருக்காங்க!" என்றாள் கிளாரா.

ஜெகபர் அலி குழியின் பக்கவாட்டைக் காட்டினார். மண்ணும் மக்கிய குச்சியும் ஆட்டுப் புழுக்கையும் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. "இது ஒரு ராத்திரியில வர்ற மண்ணா? கிளையை வெட்டிக் கவாத்து பண்ணி வேர்ல கொத்துறீங்கள்ல, மிஞ்சுற மண்ணை எங்க போடுவீங்க?"

"வரப்பு மேலதான்."

"அப்புறம்?"

"வரப்பு அகலமாயிரும். பூ எடுக்குறவங்க நடக்கணும்ல, அதனால நம்ம பக்கத்தை வெட்டி நேராக்குவோம். அடுத்த வருஷமும்..."

கிளாரா பாதியில் நிறுத்திவிட்டாள். வருஷா வருஷம் வரப்பை வடக்கே வேலுசாமியின் நிலத்துக்குள் நடத்தியது அவளேதான். கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே இன்னொரு வரிசைக்கு இடமே கிடையாது. சில வருஷம் கழித்துப் பார்த்தால் இடம் இருந்தது. மாதா கொடுத்த இடம் என்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துதான் பதியன் போட்டாள்.

வேலுசாமி அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். "அப்ப... நான் வெட்டினது என் மண்ணையா?"

"நீ என்னத்தை வெட்டினே?" என்றாள் பொன்னழகு.

"வருஷத்துக்கு ரெண்டு விரக்கடை வெட்டினா யாருக்குத் தெரியப்போகுதுன்னு... மனசு கேக்காமத்தான் கத்தரிக்கா குடுத்துவிட்டேன்."

"களவாங்கப் போன இடத்துல பறிகொடுத்துட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு ஆம்பள!"

ரொனால்டு சிரித்துவிட்டான். கிளாரா முறைத்தாள். அவன் சிரிப்பை நிறுத்தவில்லை.

பொன்னழகு அவள் பக்கம் திரும்பினாள். "சரித்தா, செடியை எப்பப் பேர்க்குறே?"

"பூ வர்ற நேரத்துல பேர்த்தா பட்டுப்போகும் மதினி. கார்த்திகைக் கவாத்து வரைக்கும் விடுங்க."

"விட்டா கல்லு திரும்ப மண்ணுக்குள்ள போயிரும்."

வேலுசாமி வரப்பிலிருந்து எழுந்தார். "கல்லை ஒட்டி நாளைக்கே வேலி போடுறேன். செடி என் பக்கம் நிக்கட்டும். கார்த்திகை வரைக்கும் பூ ஆளுக்குப் பாதி. அதுக்குள்ள பதியன் போட்டு உன் பக்கம் கொண்டுபோயிரும்மா. தாய்ச்செடி எனக்கு."

கிளாரா வரிசையைப் பார்த்தாள். வேண்டாம் என்றால் நாளைக்கே கடப்பாரை வரும். "நீங்க களைக்கொல்லி கிளைக்கொல்லி அடிச்சுற மாட்டீங்கன்னு என்னண்ணே நிச்சயம்?"

"உன் வீட்டுக்காரன் வேன்ல ஏத்திட்டுப் போயி எடையைக் குறைச்சுச் சொல்ல மாட்டான்னு என்னம்மா நிச்சயம்?"

இரண்டு பேருக்கும் மற்றவர்மேல் ஒரே அளவு சந்தேகம். அதனாலேயே ஒத்துக்கொண்டார்கள். சர்வேயர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் விடியக் கருக்கலில் கிளாரா வடக்கு வரிசைக்குப் போனபோது, பொன்னழகு மடியைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். ஒரே செடியை இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அவளும் பறித்தார்கள். கண் மொட்டில் இருந்ததைவிட எதிராளியின் கையில்தான் இருந்தது. அந்த வரிசையை அதுவரைக்கும் யாரும் அவ்வளவு சுத்தமாக எடுத்ததில்லை.

"அடியில ஒண்ணை விட்டுட்டே," என்றாள் பொன்னழகு.

"அது நாளைக்குத்தான் பருவம், மதினி."

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவே?"

"நீங்க எத்தனை மணிக்கு?"

இரண்டு பேருமே அந்த மொட்டை இன்னொரு தடவை பார்த்துவைத்துக்கொண்டார்கள். அடுத்த செடிக்கு நகர்ந்தார்கள்.