நூற்றுப்பத்து விநாடி

கம்ப்யூட்டரை நான் நம்புவதில்லை. நான் படித்தது ஐந்தாவது வரை. அதிலும் நாலாவதை இரண்டு தடவை. ஆனாலும் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் பம்பு ஓட்டியவன் என்பதால் பேச்சில் மட்டும் குறை வைத்ததில்லை.

அங்கே மூன்று பம்புகளையும் வரிசையாகக் கிளப்புவது இருபத்தேழு வருஷத்துப் பழைய புரோகிராம். அதை எழுதிய பாஷை இப்போது யாருக்கும் தெரியாதாம். புதுப் பாஷைக்கு மாற்றும் வேலை என் மருமகளிடம் வந்தது. சரியாக முடித்தால் வேலை நிரந்தரம், சொதப்பினால் வீட்டுக்கு.

சாப்பிடும்போது கேட்டாள்: "மாமா, மொத பம்பு கிளம்பி இருபது விநாடில ரெண்டாவது கிளம்புது. மூணாவதுக்கு மட்டும் நூத்திப்பத்து விநாடி நிக்குது. மூணும் ஒரே மாதிரி பம்புதானே, ஏன்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாய்க்குப் பழக்கமில்லை.

"தண்ணி மூச்சு வாங்க வேணாமாம்மா? அதெல்லாம் அனுபவம் இருந்தாத்தான் புரியும்."

"காரணம்னு எழுதிக்கவா?"

"தாராளமா."

எழுதிக்கொண்டாள். அவ்வளவு படித்த பெண் என்னை நம்பினாள். படிப்பு கோட்டை விடுவது இப்படித்தான்.

சோதனை நாளில் பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டுக் கண்ட்ரோல் அறையில் உட்கார வைத்தார்கள். தலைமை இன்ஜினியர் அவள் எழுதியதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணாவதுக்கு முன்னாடி தண்ணி மூச்சு வாங்குது. ரெண்டாவதுக்கு முன்னாடி வாங்காதாம்மா?"

மருமகள் தலையைக் குனிந்தாள்.

"காரணம் தெரியாம ஒரு வரியக்கூடப் புதுசுல ஏத்தக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். நீங்க கதை எழுதியிருக்கீங்க. மத்த வரியை எல்லாம் எப்படி நம்புறது? வேற ஆள்கிட்ட குடுத்திடலாமா?"

மாமனார் சொன்னார் என்று ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். இரண்டாவது பம்புக்கும் மூன்றாவதுக்கும் நடுவே என் காலத்திலிருந்த அதே இரும்புப் படிக்கட்டு. அதைப் பார்த்ததும் எழுந்து நின்றேன்.

"சார், அது செருப்பு" என்றேன்.

"என்ன பெரியவரே?"

"புரோகிராம் வர்றதுக்கு முன்னாடி மூணையும் நான்தான் கையால போடுவேன். அதை எழுத வந்தவர் ஒரு நாள் காலையில கடியாரத்தோட என் பின்னாலயே நடந்தாரு. நான் பண்றதை அப்படியே விநாடி கணக்கா எழுதிக்கிட்டாரு. அன்னிக்குப் பாத்து அந்தப் படியில என் செருப்பு வார் அறுந்துபோச்சு. உக்காந்து கம்பி வெச்சுக் கட்டினேன்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"எனக்கு அந்த ஆள் மேல நம்பிக்கை இல்ல சார். பேசவே இல்ல."

அறையே சிரித்தது. இன்ஜினியர் மட்டும் சிரிக்காமல், "இதையும் இருபதாக்கிப் போடுங்க" என்றார். மூன்றாவது பம்பு சமத்துப் பிள்ளை மாதிரி கிளம்பியது. அழுத்தம் காட்டும் முள் துளிகூடத் துள்ளவில்லை. ஆக, இருபத்தேழு வருஷமாகத் தினம் காலையில் ஒரு நிலையமே நின்று என் செருப்பைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

வேலை அவளிடமே நின்றது. மறுமாதம் நிரந்தரமும் ஆனது. அன்றைக்குச் சோதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் கேட்டேன்.

"அந்த வரிய மாத்தினதுக்கு என்ன காரணம் எழுதின?"

"செருப்பு வார் அறுந்ததுனு."

"யாரோட செருப்புனு?"

"அதை எழுதல மாமா."

"எழுதிடும்மா. அனுபவமுள்ள ஆளோடதுன்னு."