சுரங்க மண்

கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு போனால், அடிக்க ஒரு கல்லறைச் சிலுவையும் இல்லை. இடுப்பளவு சாம்பல் நிறச் சேறு. அதற்கடியில் எங்கேயோ என் மகள் அம்முலு. போன வருஷம் காய்ச்சலில் போனவள், நாலு வயது.

எல்லாம் என் வீட்டுக்காரர் செய்த உபகாரம். ஜான்சனுக்குச் சென்னையில், ரோடு போடப் பூமிக்கடியில் சுரங்கம் குடையும் இடத்தில் வேலை. குடைந்த மண்ணை உத்திரமேரூர் தாண்டி எங்கள் ஊர்ப் பழைய கல்குவாரியில் லாரிகள் கொட்டின. கல்லறைப் பாதையில் மழைத்தண்ணீர் நிற்கிறதே என்று இவர் டிரைவர்களிடம் நாலு லோடு கேட்டார். கேட்டதோடு சரி, கூட வந்து நிற்கவில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள் குவாரி வரைக்கும் எதற்குப் போகப்போகிறார்கள்? மூன்று நாளாக இங்கேயே கவிழ்த்துவிட்டார்கள். ஜான்சன் ஏற்பாடுதானே என்று காலனியில் யாரும் கேட்கவில்லை. லாரி போவதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றவள்தான் நானும்.

லாரி அனுப்பும் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "கல்லு ஒண்ணும் கட்டலியேம்மா, காலி எடம்னு நெனைச்சிட்டாங்க" என்றான். மரச்சிலுவை நட்டால் பிள்ளை பிள்ளை இல்லையா?

ஜான்சன் பனைமரத்திலிருந்து அடி அளந்தார். "இங்கதான்" என்றார். மறுபடி அளந்து, வேறு இடத்தில் நின்றார்.

"பட்டணத்துல சொரங்கம் கொடையறப்ப எவன் வூட்டு செவுத்துலயும் கீறல் வுயக்கூடாதுன்னு மெஷின் ஒட்டி வெச்சிக்கீறோம்னு சொன்னியே. எம்பொண்ணு மேல இன்னாத்த ஒட்டி வெச்ச?" என்று கேட்டேன்.

அவர் மண்வெட்டியால் அள்ள ஆரம்பித்தார். அள்ள அள்ளச் சேறு சரிந்து மூடியது. மத்தியானம் ஒரு சிலுவை தட்டுப்பட்டது, ஞானதாஸ் என்று பெயர் எழுதியது. நட்ட இடத்தில் இல்லை. சேறு தள்ளிக்கொண்டு வந்து போட்டிருந்தது.

ஞானதாஸின் பெண்சாதி செவ்வந்தி அதை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க வூட்டுக்காரு இங்கதான கீறாரு?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவள் அங்கேயே மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவளுக்காவது ஓர் இடம் கிடைத்ததே என்று எனக்கு அவள்மேல்கூடக் கோபம் வந்தது.

ஜான்சன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அளக்காமலே நாலடி தள்ளிப் போய், "நம்ம பொண்ணு இங்க கீது, பிரிஸ்கில்லா" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் கைநீட்டி அடித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.